கேமராவுக்கு ஸ்பேர் பேட்டரி: வாங்குவதும் கொண்டுபோவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்தது), மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாதது) கேமராக்களில் போடும் லித்தியம்-அயான் பேட்டரிகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசுகிறோம். ஃபிளாஷில் போடும் ஏஏ செல்களுக்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

எத்தனை ஸ்பேர் வைத்துக்கொள்ள வேண்டும்?

டிஎஸ்எல்ஆர் காலத்துக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நிக்கான் டி850 ஒரு பேட்டரியில் 1840 படம் எடுக்கும் என்று அறிவிக்கப்பட்ட கேமரா. சோனி ஏ7 மார்க் 4-க்கு அதே அளவுகோலில் சொல்லப்படும் எண், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் 520, பின்திரையில் பார்த்தால் 580. பேட்டரி மட்டமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியே பார்ப்பதற்கு மின்சாரம் தேவையில்லை. மிரர்லெஸ்ஸில் கேமரா விழித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் சென்சார், ப்ராசஸர், திரை மூன்றும் சேர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மிரர்லெஸ்ஸுக்கு எங்கள் கணக்கு இது. அரைநாள் ஊர்சுற்றல், குடும்ப விசேஷம் என்றால் கேமராவில் ஒன்று, பையில் ஒன்று. கல்யாணத்தில் ஃபோட்டோ மட்டும் என்றால் ஒரு கேமராவுக்கு மூன்று. வீடியோவும் அதே கேமராவில் என்றால் நான்கு அல்லது ஐந்து. காட்டில் சஃபாரி போகிறவர்களுக்குக் காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவே சார்ஜ் போட நேரம் கிடைப்பதால் இரண்டே போதும். மின்சாரம் சில மணி நேரமே வரும் மலை ஊர்களுக்கு, நாளைக்கு இரண்டு வீதம் கணக்குப் போட்டு, மேலே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு மொத்தம் இரண்டு போதும். இரண்டாவது, முதலாவது பழுதானால் உதவ.

அறிவிக்கப்பட்ட எண்ணைவிட எனக்கு இரண்டு மடங்கு படம் வருகிறதே? நண்பருக்குப் பாதிகூட வரவில்லையே?

இரண்டுமே நடக்கும். அந்த எண் ஜப்பானின் சிபா என்ற கேமரா உற்பத்தியாளர் சங்கம் வகுத்த சோதனை முறையில் வருவது. சுமார் 23 டிகிரி அறையில் 30 நொடிக்கு ஒரு படம், பத்துப் படத்துக்கு ஒருமுறை கேமராவை அணைத்துப் போடுவது, உள்ளேயே ஃபிளாஷ் இருந்தால் பாதிப் படங்களுக்கு அதையும் அடிப்பது என்று அதற்கு விதிகள் உண்டு. யாரும் அப்படிப் படம் எடுப்பதில்லை.

அந்த எண்ணை நேரமாக மாற்றிப் பாருங்கள், விஷயம் புரியும். 520 படம், படத்துக்கு 30 நொடி என்றால் ஏறக்குறைய நாலே கால் மணி நேரம். மிரர்லெஸ் பேட்டரி தீர்வது ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்பதைவிட, கேமரா எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பதைப் பொறுத்தது. பறவை பறக்கும்போது நொடிக்குப் பத்து வீதம் அடிப்பவருக்கு 2000 படம் சாதாரணமாக வரும். ஒவ்வொரு படத்தையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, ஃபோனுக்கு ப்ளூடூத்தில் அனுப்பி, கேமராவை அணைக்காமலே கழுத்தில் தொங்கவிட்டு நடப்பவருக்கு 250-இலேயே சிவப்பு விளக்கு எரியும்.

ஆகவே உங்கள் கேமராவில் உங்கள் பழக்கத்துக்கு எவ்வளவு நேரம் வருகிறது என்று ஒருமுறை குறித்துவையுங்கள். முழு சார்ஜில் தொடங்கிய நேரம், அணைந்த நேரம், அவ்வளவுதான். ஸ்பேர் எண்ணிக்கையை அதிலிருந்து முடிவு செய்யலாம்.

வீடியோவுக்கு இரண்டு எண் கொடுத்திருப்பார்கள். ஏ7 மார்க் 3-க்குத் திரை வழியாகத் தொடர் பதிவு 210 நிமிடம், நிஜப் பயன்பாட்டுப் பதிவு 125 நிமிடம். பின்னது, நிறுத்தி, தொடங்கி, அணைத்துப் போட்டு அளந்தது. எப்போதும் சின்ன எண்ணையே நம்புங்கள். 4கே-யில் நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் அதிலும் குறையும்.

எம்ஏஎச் பார்த்து வாங்குவதா, வாட்-அவர் பார்த்து வாங்குவதா?

எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) என்பது கொள்ளளவு, வாட்-அவர் என்பது உள்ளே இருக்கும் மொத்தச் சக்தி. ஒரே மாடல் பேட்டரிக்குள் ஒப்பிட எம்ஏஎச் போதும். வேறு வேறு வகைகளை ஒப்பிட வாட்-அவர்தான் சரி. வோல்ட்டை எம்ஏஎச்-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர். சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரி 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச், அதாவது 16.4 வாட்-அவர். அதற்கு முந்தைய என்பி-எஃப்டபிள்யூ50 அதே 7.2 வோல்ட்டில் 1020 எம்ஏஎச், 7.3 வாட்-அவர்தான். பழைய சோனிக்காரர்கள் பை நிறைய பேட்டரி சுமந்ததற்குக் காரணம் இந்தப் பாதிக்கும் குறைவான அளவு.

பவர் பேங்க்கில் 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. அது 74 வாட்-அவர். கேமரா பேட்டரியின் எம்ஏஎச்-ஓடு அதை நேரடியாக வகுத்துப் பார்த்து, ஒன்பது முறை சார்ஜ் ஏறும் என்று நம்பிவிடாதீர்கள். வோல்ட் மாற்றத்திலும் சூட்டிலும் போவது போக மூன்றில் இரண்டு பங்குதான் பேட்டரிக்குள் இறங்கும். எஃப்இசட்100 என்றால் மூன்று.

ஒரிஜினலே வாங்க வேண்டுமா? வேறு கம்பெனி பேட்டரி போட்டால் கேமரா கெட்டுவிடுமா?

நல்ல பெயருள்ள வேறு கம்பெனி பேட்டரியால் கேமரா கெடுவது அரிது. பிரச்சினை வேறு மூன்று இடங்களில் வரும். முதலாவது, மீட்டர் பொய் சொல்லும்: 60 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 15-க்கு இறங்கி அணைந்துவிடும். வீடியோ பதிவு நடுவில் இப்படி அணைந்தால் அந்த ஃபைல் மூடப்படாமல் போகலாம். இரண்டாவது, கேமராவின் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு பேட்டரியை அடையாளம் காணாமல் போகலாம். கேனான் கேமராக்கள் பேட்டரியோடு பேச முடியவில்லை என்று எச்சரிக்கை காட்டி, தொடரலாமா என்று கேட்கும். மூன்றாவது, செல்லின் ஆயுள். புதிதில் ஒரிஜினலுக்குச் சமமாக ஓடுவது, ஒன்றரை ஆண்டில் பாதியாகிவிடுவதைப் பார்க்கலாம்.

எங்கள் அபிப்பிராயம்: காசு வாங்கிக்கொண்டு படம் எடுப்பவர் என்றால் எல்லாமே ஒரிஜினல். மற்றவர்கள் கேமராவோடு வந்த ஒன்றுக்கு இன்னொரு ஒரிஜினல் சேர்த்துவிட்டு, மூன்றாவதை மட்டும் பேர்பெற்ற வேறு கம்பெனியில் வாங்கலாம். நம்பக்கூடிய இரண்டு, சந்தேகத்துக்குரிய நான்கைவிட மேல்.

வேறு கம்பெனி பேட்டரியை அதனுடன் வந்த சார்ஜரிலேயே போடுவது பாதுகாப்பு. சில ஒரிஜினல் சார்ஜர்கள் சிப் பதில் சொல்லவில்லையென்றால் விளக்கை மின்னவிட்டு மறுத்துவிடும்.

போலி ஒரிஜினலை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேறு கம்பெனி பேட்டரி வேறு, ஒரிஜினல் பெயரைப் போட்டு விற்கும் டூப்ளிகேட் வேறு. இரண்டாவதுதான் ஆபத்து. உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட்டே இல்லாமல்கூட வரும்.

முதலில் எடையைப் பாருங்கள். எஃப்இசட்100 சுமார் 83 கிராம் இருக்க வேண்டும். சமையல் தராசில் வைத்து 60, 65 என்று காட்டினால் உள்ளே செல் சின்னது. அடுத்து, எழுதியிருக்கும் கொள்ளளவு. அதே அளவு டப்பாவில் கம்பெனியே 2280 போடும்போது, யாரோ 3000 என்று எழுதியிருந்தால் அந்த எண் அச்சகத்தில் பிறந்தது.

இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகள் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுத் திட்டத்தில் வருகின்றன. ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கம் கொண்ட பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். அந்த ஆர் எண்ணை அதே அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்தத் தயாரிப்பாளருக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டும். டூப்ளிகேட்காரர்கள் எண்ணையும் சேர்த்தே நகலெடுப்பார்கள் என்பதால் இது மட்டும் போதாது. எண்ணே இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்ற அளவுக்குப் பயன்படும்.

கேமராவில் போட்டுப் பார்ப்பது கடைசிச் சோதனை. கேனானில் பேட்டரி தகவல் பக்கம் வரிசை எண்ணையும் சார்ஜ் ஏற்கும் திறனையும் காட்டும். நிக்கானில் பேட்டரி வயது என்று 0 முதல் 4 வரை ஓர் எண் வரும். புதிது என்று வாங்கியது 0 காட்டவில்லையென்றால் யாரோ பயன்படுத்திய சரக்கு.

பேட்டரி பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறுகிறது. எது எதில் போகும்?

உருவம் ஒன்றாக இருந்தாலும் நடத்தை மாறும். அதிகம் குழப்புகிற இரண்டு குடும்பங்களை மட்டும் சொல்கிறோம்.

கேனான் எல்பி-இ6 குடும்பம்: எல்பி-இ6 1800 எம்ஏஎச், எல்பி-இ6என் 1865, எல்பி-இ6என்எச் 2130. ஆர்5, ஆர்6 கேமராக்கள் மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 12 படம் எடுக்கும் என்பது என்எச் பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கும்போதுதான். பழையதைப் போட்டாலோ சார்ஜ் இறங்கினாலோ வேகம் குறையும். கேமராவில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். ஆதியில் வந்த எல்பி-இ6-ஐ யூஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் செய்ய முடியாது. 2024-இல் ஆர்5 மார்க் 2-உடன் வந்த எல்பி-இ6பி அதிக மின்னோட்டம் தருவது. அந்தக் கேமராவில் என்எச் போட்டால் சில வசதிகள் கிடைக்காது.

நிக்கான் இஎன்-இஎல்15 குடும்பம்: முதலில் வந்ததும், அடுத்து வந்த ‘ஏ’ வகையும் நிக்கானின் மிரர்லெஸ் வரிசையான இசட் கேமராக்கள் சிலவற்றில் ஓடும், ஆனால் உள்ளே வைத்தபடி யூஎஸ்பி சார்ஜ் ஏறாது. ‘பி’, ‘சி’ இரண்டும் ஏறும். ‘சி’ 2280 எம்ஏஎச், முந்தையவை 1900. இன்று வாங்குவதானால் ‘சி’ மட்டும் வாங்குங்கள்.

இப்போதே நான்கைந்து வாங்கி வைத்துவிடலாமா?

வேண்டாம். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் இருந்தாலும் வயதாகும். இப்போது தேவைப்படும் எண்ணிக்கையை மட்டும் வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து ஒன்று சேர்த்துக்கொண்டால் எல்லாமே ஒரே சமயத்தில் தளராது. விற்பனை நின்றுபோன பழைய கேமரா என்றால் மட்டும் விதிவிலக்கு.

விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

தனி பேட்டரி எதுவும் செக்-இன் லக்கேஜில் போகக் கூடாது, கைப்பையில்தான். பவர் பேங்க்கும் தனி பேட்டரியாகவே கணக்கில் வரும். சரக்கறையில் தீப்பிடித்தால் அணைக்க ஹாலான் வாயு உண்டு. அது சுவாலையை அடக்கும்; ஆனால் ஒரு செல் சூடாகி அடுத்த செல்லை எரியவைக்கும் சங்கிலியை அதனால் நிறுத்த முடியாது. பயணிகள் அறையில் என்றால் புகை வந்த நிமிடமே யாராவது பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம். 2010 செப்டம்பர் 3-ஆம் தேதி துபாயில் லித்தியம் பேட்டரிகள் ஏற்றிய சரக்கு விமானம் ஒன்று தீப்பிடித்து விழுந்து விமானிகள் இருவர் இறந்த பிறகு இந்தக் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின.

அளவுகள் இவை. 100 வாட்-அவருக்குள் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை அனுமதி பெற்று அதிகபட்சம் இரண்டு. 160-க்கு மேல் கிடையாது. கேமரா பேட்டரிகள் பெரும்பாலும் 20 வாட்-அவருக்குக் கீழேதான், பெரியவைகூட 100-ஐ நெருங்காது என்பதால் கவலை இல்லை. வீடியோக்காரர்கள் கேமராவுக்கு வெளியே மாட்டும் பெரிய வி-மவுண்ட் பேட்டரிகள் 98 வாட்-அவர் என்று விற்கப்படுவதன் ரகசியமும் இந்த 100-தான். எண்ணிக்கையில் தலைக்கு 20 ஸ்பேர் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் பொது வரம்பு. சில நிறுவனங்கள் குறைவாக வைத்திருக்கின்றன.

ஒவ்வொரு பேட்டரியின் முனையும் தனித்தனியாக மூடியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடி போதும். அது தொலைந்திருந்தால் இன்சுலேஷன் டேப் ஒட்டலாம், அல்லது ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ஜிப் கவரில் போடலாம். லேபிளில் எம்ஏஎச்-உம் வோல்ட்டும் அழிந்துபோன பேட்டரியைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் போர்டிங் கேட். விமானம் நிறைந்துவிட்டது என்று கடைசி நேரத்தில் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். அப்போது ஸ்பேர்களை உருவிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சின்னப் பையில் வைத்திருந்தால் பத்து நொடி வேலை.

பவர் பேங்க் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் எரிந்ததற்குப் பிறகு பல நிறுவனங்கள் கெடுபிடி ஆகிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை போட்டது. எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் பயன்படுத்தக் கூடாது என்றது. சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற அந்நாட்டுத் தரச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏறாது. டிக்கெட் எடுத்த நிறுவனத்தின் பக்கத்தைக் கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். 27,000 எம்ஏஎச் வரைதான் 100 வாட்-அவருக்குள் அடங்கும். 30,000 என்று எழுதியது 111.

பையில் எப்படி வைப்பது? எது சார்ஜ் ஆனது, எது தீர்ந்தது என்று குழம்புகிறதே?

ஸ்பேர் குறைவாக இருப்பதைவிட இந்தக் குழப்பம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. முகூர்த்த நேரத்தில் மாற்றிப் போட்டது ஏற்கெனவே தீர்ந்த பேட்டரி என்றால், நான்கு வைத்திருந்தும் பிரயோசனமில்லை.

வாங்கிய அன்றே ஒவ்வொன்றுக்கும் எண்ணும், வாங்கிய மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டிவிடுங்கள். மெல்லிய டேப் போதும். தடிமனான ஸ்டிக்கர் ஒட்டினால் பேட்டரி அறையில் இறுகிக்கொண்டு வெளியே வராது. இரண்டு கேமரா என்றால் எண்ணோடு நிறத்தையும் பிரியுங்கள்.

பிறகு ஒரே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிப் பையில் சார்ஜ் ஆனவை முனை மேலே பார்க்க, தீர்ந்தவை தலைகீழாக. அல்லது முழுசு வலது பாக்கெட், காலி இடது. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், உதவியாளருக்கும் அதே வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். கேனான் எல்பி-இ6 மூடியில் பேட்டரி வடிவில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திருப்பி மாட்டினால் அந்த ஓட்டை வழியே நீல நிறம் தெரியும் அல்லது மறையும். சார்ஜ் ஆனதா இல்லையா என்று குறிக்கவே அந்த ஏற்பாடு.

மூடி இல்லாத பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பேன்ட் பாக்கெட்டில் போடாதீர்கள். பிளஸ், மைனஸ் முனைகள் மிகப் பக்கத்தில் இருக்கின்றன; ஒரு நாணயம் போதும், ஷார்ட் ஆகித் தொடை சுடும்.

ஒரே இரவில் எல்லாவற்றையும் எப்படிச் சார்ஜ் ஏற்றுவது?

முதலில் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். சோனியின் பிசி-கியூஇசட்1 சார்ஜர் ஓர் எஃப்இசட்100-ஐ நிரப்ப இரண்டரை மணி நேரம் எடுக்கும். மூன்று என்றால் ஏழரை மணி. ரிசப்ஷன் முடிந்து அறைக்கு வரப் பதினொன்று ஆகி, காலை நாலரைக்கு மறுபடி மண்டபத்தில் நிற்க வேண்டுமென்றால், நடுவில் எழுந்து எழுந்து மாற்றினாலும் இரண்டுதான் நிரம்பும். ஆகவே இரண்டு சார்ஜர், அல்லது இரட்டைச் சார்ஜர் வேண்டும்.

யூஎஸ்பி-யில் ஓடும் மலிவான இரட்டைச் சார்ஜர்களில் ஒரு விஷயம். பெரும்பாலானவை 5 வோல்ட் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் வாங்கும். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 33 வாட்-அவர் ஏற்ற, வீணாவது போக நாலு மணி நேரமாவது ஆகும். பழைய ஃபோனின் 5 வாட் அடாப்டரில் மாட்டினால் எட்டு. அடாப்டரை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கேமராவையே ஒரு சார்ஜராகப் பயன்படுத்துங்கள். யூஎஸ்பி-சி வழியாக உள்ளே இருக்கும் பேட்டரி ஏறட்டும். கேனான் ஆர்5, ஆர்6 போன்றவற்றுக்குப் பவர் டெலிவரி வகை (5 வோல்ட்டுக்கு மேலும் தரக்கூடிய யூஎஸ்பி-சி) அடாப்டரோ பவர் பேங்க்கோ வேண்டும். சாதாரண 5 வோல்ட்டில் விளக்கே எரியாது. அநேகமாக எல்லாக் கேமராவிலும் அணைத்திருக்கும்போதுதான் ஏறும்.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் இருக்கும் பிளக்கை நம்பி சார்ஜரை விட்டுவிட்டு வராதீர்கள். சீரியல் விளக்குக்காரரோ மைக் செட்காரரோ எப்போது பிடுங்குவார் என்று யாருக்கும் தெரியாது. சொந்தமாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மணமகன் அறையிலோ மணமகள் அறையிலோ. ரயிலிலும் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் முனைகளில் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் இருக்கிறது. படுக்கும் முன்பே ஏற்றிவிடுங்கள்.

வெயிலில் என்ன ஆகும்?

லித்தியம் பேட்டரிக்கு வெயில்தான் முதல் எதிரி. குளிரில் போன சக்தி திரும்பி வரும், சூட்டில் போனது வராது. முழு சார்ஜும் உயர்ந்த வெப்பமும் சேர்ந்தால் செல்லுக்குள் நடக்கும் பக்கவினைகள் வேகமாகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அக்னி நட்சத்திர நாட்களில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும். டாஷ்போர்டு இன்னும் மோசம். சாப்பிடப் போகும்போது பேட்டரிப் பையை மட்டுமாவது கையோடு எடுத்துப் போங்கள்.

வெயிலில் சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் மாட்டக் கூடாது. பெரும்பாலான சார்ஜர்களுக்குச் சொல்லப்படும் வெப்ப எல்லை 40 டிகிரி வரைதான். நல்ல சார்ஜர் விளக்கை மின்னவிட்டுக் காத்திருக்கும். மட்டமானது ஏற்றிக்கொண்டே போகும். ஃபேனுக்கு அடியில் அரைமணி வையுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் கோக்கும்.

லடாக், ஸ்பிட்டி போன்ற குளிர் இடங்களில்?

குளிரில் செல்லின் உள்தடை ஏறி வோல்ட் இறங்குகிறது. கேமரா அதைப் பார்த்து பேட்டரி தீர்ந்தது என்று அணைந்துவிடுகிறது. உள்ளே சக்தி இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரியில், அறை வெப்பத்தில் கிடைப்பதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

ஸ்பேர்களை முதுகுப் பையில் வைக்காமல், ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வையுங்கள். அணைந்த பேட்டரியையும் தூக்கிப் பையில் போடாமல் அதே சூட்டில் வைத்தால் அரைமணி கழித்து இன்னும் கொஞ்சம் ஓடும். லடாக்கின் ஹான்லேயில் நட்சத்திரச் சுழற்சி எடுப்பவர்கள் நீண்ட எக்ஸ்போஷருக்கு நடுவே பேட்டரி மாற்ற முடியாது என்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே யூஎஸ்பி-யில் மின்சாரம் வாங்கும் கேமராவுக்குப் பவர் பேங்க்கை மாட்டி, அதைத் துணியில் சுற்றித் தொங்கவிடலாம். அந்த வசதி இல்லாத கேமராவுக்கு, பேட்டரி வடிவில் இருந்து வெளி மின்சாரத்தை உள்ளே கொடுக்கும் டம்மி பேட்டரி உண்டு. உங்கள் கேமரா எதைச் சேர்ந்தது என்று ஊரிலேயே சோதித்துவிடுங்கள்.

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது. லித்தியம், செல்லின் ஒரு முனையான கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அந்தச் சேதம் மாறாது, பின்னால் உள்ளே ஷார்ட் ஆகவும் வழிவைக்கும். கூடாரத்தில் சில்லென்று கிடந்த பேட்டரியை முதலில் தூக்கப் பைக்குள் போட்டு வெதுவெதுப்பாக்கிவிட்டுச் சார்ஜில் மாட்டுங்கள்.

புது பேட்டரியை முதல்முறை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டுமா? முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். அவை நிக்கல்-கேட்மியம் காலத்து அறிவுரைகள். லித்தியத்தைப் பாதியில் ஏற்றினால் கெடாது, இன்னும் சொன்னால் நல்லது.

மாதக்கணக்கில் கேமராவைத் தொடப்போவதில்லை. பேட்டரியை என்ன செய்வது?

கேமராவிலிருந்து கழற்றி, 40 முதல் 60 சதவீதம் சார்ஜில், வீட்டிலேயே குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் பாதிவரை ஏற்றுங்கள். கேமராவுக்குள்ளேயே விட்டால், அணைத்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும்; ப்ளூடூத் இணைப்பு போட்டிருந்தால் இன்னும் வேகமாக. அடிமட்டம் வரை இறங்கிய செல்லைப் பாதுகாப்புச் சர்க்யூட் துண்டித்துவிடும். அதன்பின் சார்ஜர் அதை அடையாளமே காணாது. வேறு கம்பியை இணைத்து அதற்கு உயிர்கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்து முயற்சி செய்ய வேண்டாம்.

கழற்றி வைத்துவிட்டு மறுபடி போடும்போது தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். இரண்டு கேமராவில் எடுத்த கல்யாணப் படங்களை வரிசைப்படுத்தும்போது இதன் அருமை தெரியும்.

பேட்டரி உப்பியிருக்கிறது. இன்னும் ஓடுகிறது, பயன்படுத்தலாமா?

கூடாது. அன்றோடு நிறுத்துங்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. மேசையில் தட்டையாக வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் உப்பல். கேமராவில் போடும்போது கொஞ்சம் தள்ள வேண்டியிருப்பதும், வெளியே தானாக எழும்பி வராததும் ஆரம்ப அறிகுறிகள்.

உள்ளேயே மாட்டிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்ப வேண்டாம். செல் கிழிந்தால் தீப்பிடிக்கும். கேமராவைக் கவிழ்த்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், வராவிட்டால் சர்வீஸுக்குக் கொடுங்கள். வெளியே எடுத்ததைச் சார்ஜ் போடாமல், முனையில் டேப் ஒட்டி, மணல் போட்ட மண்சட்டியிலோ இரும்பு டப்பாவிலோ வீட்டுக்கு வெளியே வைத்து, சீக்கிரம் சேகரிப்பு மையத்தில் சேருங்கள்.

உப்பாமலே தளர்ந்ததை கேமராவே சொல்லும்: கேனானில் மூன்று பச்சைக் கட்டம் ஒற்றைச் சிவப்பாகும், நிக்கானில் வயது 4 ஆகும். சோனியில் அப்படி ஒரு காட்டி பெரும்பாலும் இல்லை. முன்பு குறித்துவைத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் ஓடுகிறது என்றால், அதை முக்கிய வேலைக்கு எடுத்துப்போகாதீர்கள்.

பேட்டரி கிரிப் வாங்கினால் ஸ்பேர் தேவையில்லையா?

கேமராவின் அடியில் மாட்டும் கிரிப் சக்தியை உற்பத்தி செய்வதில்லை. இரண்டு பேட்டரியை ஒரே சமயத்தில் சுமக்கிறது. வீடியோ நீளமாக ஓடுவதற்கும், செங்குத்தாகப் பிடித்து எடுப்பதற்கும் நல்லது. அதில் ஒரிஜினல் ஒன்று, மட்டமானது ஒன்று என்று கலக்காதீர்கள். சார்ஜ் கணக்கு தாறுமாறாகும்.

ஃபிளாஷுக்கு ஏஏ செல் எது நல்லது?

கடையில் கிடைக்கும் ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட். வோல்ட் குறைவு என்று பின்னதை ஒதுக்கிவிடாதீர்கள். அதன் உள்தடை குறைவு. ஃபிளாஷ் கேட்கும் அதிக மின்னோட்டத்தைச் சட்டென்று தரும். முழு பவரில் அடித்துவிட்டு அடுத்த தடவைக்குக் காத்திருக்கும் நேரம் அதில்தான் குறைவு.

2005-இல் சான்யோ கொண்டுவந்த எனெலூப் வகை, சார்ஜ் ஏற்றி வைத்தால் மாதக்கணக்கில் இறங்காமல் இருக்கும். ஏஏ அளவில் 2000 எம்ஏஎச். ப்ரோ வகை 2500-க்கு மேல் தந்தாலும் அதைத் திரும்பத் திரும்ப ஏற்றும் எண்ணிக்கை குறைவு. எங்கள் தேர்வு சாதாரண வகைதான். நாலு நாலாகக் கட்டி, செட்டுக்கு ஓர் எழுத்து போட்டு, எப்போதும் சேர்ந்தே பயன்படுத்தி, சேர்ந்தே சார்ஜ் ஏற்றுங்கள். ஒரு செல் மட்டும் தளர்ந்திருந்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதைத் தலைகீழாக ஓட்டிக் கெடுத்துவிடும்.

14500 என்று எழுதிய 3.7 வோல்ட் லித்தியம் செல்லும் ஏஏ அளவிலேயே இருக்கும். நான்கைப் போட்டால் 6 வோல்ட்டுக்குப் பதில் 15 வோல்ட் போய், ஃபிளாஷ் அங்கேயே காலி. ஆல்கலைன் செல்லை ஃபிளாஷில் மறந்து விட்டுவைத்தால் ஒழுகி முனைகளை அரித்துவிடும்.

முனைகள் கறுத்துப்போயிருக்கின்றன, கேமரா விட்டுவிட்டு அணைகிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

பேட்டரியின் உலோகப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். கேமராவுக்குள் இருக்கும் ஊசிகளுக்கு ரப்பர் வேண்டாம். ஆல்கஹால் தொட்ட பட்ஸ் மட்டும், பேட்டரி வெளியே இருக்கும்போது. அழுக்கைத் துடைத்து எடுப்பதே வேலை, சுரண்டுவது அல்ல. கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் அன்றே துடைத்துவிடுவது நல்லது. உப்புத் தண்ணீரில் விழுந்த பேட்டரி காய்ந்தபின் ஓடினாலும் பயன்படுத்த வேண்டாம்.

செத்த பேட்டரியைக் குப்பையில் போடலாமா?

வீட்டுக் குப்பையோடு போனால் லாரியில் நசுங்கும்போதோ கிடங்கிலோ தீப்பிடிக்கும். இந்தியாவில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 பழைய பேட்டரிகளைத் திரும்ப வாங்கும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் தலையில் வைத்திருக்கிறது. ஆகவே கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுக்கலாம். இல்லையென்றால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம். கொடுக்கும்வரை முனைகளில் டேப் இருக்கட்டும். தீர்ந்துவிட்டது என்று கேமரா சொன்ன பேட்டரியிலும் ஷார்ட் ஆகிச் சூடேறப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும்.